முற்றுமிகை அணிகளும் அவற்றின் காலியிடங்களும்

எண்களை நிரைகளாகவும் நிரல்களாகவும் அடுக்கி வைத்தால் அணி கிடைக்கிறது. சதுர அணி ஒன்றிலிருந்து ஒரே ஓர் எண்ணைக் கணக்கிட்டு எடுக்கும் முறையே அணிக்கோவை. இவ்விரண்டும் பள்ளி மேல்வகுப்புப் பாடத்திலேயே வந்துவிடுகின்றன. பெரிய அணி ஒன்றில் நாம் விரும்பும் சில நிரைகளையும் அதே எண்ணிக்கையில் சில நிரல்களையும் தேர்ந்தெடுத்து, அவை வெட்டிக்கொள்ளும் இடங்களில் உள்ள எண்களை மட்டும் வரிசை மாறாமல் எடுத்தால் ஒரு சிறிய சதுர அணி உருவாகும். அதன் அணிக்கோவையை மூல அணியின் சிற்றணிக்கோவை என்பார்கள். தனி உறுப்பு ஒவ்வொன்றும் 1×1 அளவுள்ள சிற்றணிக்கோவைதான்.

ஓர் அணியின் எல்லா அளவிலுமான எல்லாச் சிற்றணிக்கோவைகளும் சுழியத்தைவிடப் பெரியவையாக இருந்தால், அந்த அணியை இக்கட்டுரையில் முற்றுமிகை அணி என்று அழைப்போம். சுழியமாக இருக்கலாம், ஆனால் குறை எண்ணாக இருக்கக் கூடாது என்று நிபந்தனையைச் சற்றுத் தளர்த்தினால் அது முற்றிலும் குறையற்ற அணி. எடுத்துக்காட்டாகப் பின்வரும் 3×3 அணியைப் பார்க்கலாம்.

1  1  1
1  2  3
1  3  6

பாஸ்கல் முக்கோணத்தின் எண்களைச் சாய்த்து அடுக்கியதே இது. இதில் 1×1 அளவில் 9, 2×2 அளவில் 9, 3×3 அளவில் 1 என மொத்தம் 19 சிற்றணிக்கோவைகள் உள்ளன; அத்தனையும் மிகை எண்களே. இது தற்செயல் அன்று. கட்டங்கட்டமாக அமைந்த தெருக்களில் வலப்புறமும் மேற்புறமும் மட்டுமே நடக்கலாம் என்று வைத்துக்கொண்டால், கிடைத்தெருவில் ஒரு மூலையிலிருந்து புறப்பட்டு நெடுந்தெருவில் ஒரு மூலையை எத்தனை வழிகளில் அடையலாம் என்பதையே இந்த அணியின் ஒவ்வோர் உறுப்பும் சொல்கிறது. இருவர் வெவ்வேறு மூலைகளிலிருந்து புறப்பட்டு, ஒரே மூலையில் எங்குமே கால் வைக்காமல் தத்தம் இடங்களை அடையும் வழிகள் எத்தனை என்பதை 2×2 சிற்றணிக்கோவை எண்ணித் தருகிறது. வலது கீழ் மூலையில் உள்ள 2, 3, 3, 6 ஆகியவற்றிலிருந்து கிடைக்கும் 2×6 − 3×3 = 3 என்பது அத்தகைய மூன்று வழி இணைகளைக் குறிக்கிறது. எண்ணிக்கை குறை எண்ணாக முடியாது. லிண்ட்ஸ்ட்ரோம் 1973-இலும், கெசெல், வியன்னோ இருவரும் 1985-இலும் இந்த உறவைத் தெளிவாக எழுதிக் காட்டினர். இத்துறையில் நுழைபவருக்கு இதைவிட நல்ல வாசல் இல்லை என்பது என் கருத்து.

பெரிய அணிகளில் எல்லாவற்றையும் சோதிப்பது எளிதன்று. 4×4 அணிக்கு 69 சிற்றணிக்கோவைகள், 5×5 அணிக்கு 251, 10×10 அணிக்கோ 1,84,755. நல்வாய்ப்பாக இவை ஒன்றையொன்று சாராதவை அல்ல. அடுத்தடுத்து நிற்கும் நிரைகளையும் அடுத்தடுத்து நிற்கும் நிரல்களையும் கொண்டு அமையும் சிற்றணிக்கோவைகள் மட்டும் மிகையாக இருந்தால் போதும், மற்றவை தாமாகவே மிகையாகிவிடும் என்று ஹங்கேரியக் கணிதவியலாளர் ஃபெக்கெட்டே 1912-இல் காட்டினார். இதனால் 10×10 அணிக்கான சோதனை 385 ஆகச் சுருங்குகிறது. அவற்றுள்ளும் முதல் நிரையையோ முதல் நிரலையோ தொடுபவை மட்டும் போதும் என்று ஸ்பெயினைச் சேர்ந்த காஸ்கா, பென்யா இருவரும் 1992-இல் நிறுவியதால், எண்ணிக்கை அணியில் உள்ள உறுப்புகளின் எண்ணிக்கைக்கே, அதாவது 100-க்கு, இறங்கிவிட்டது. ஃபெக்கெட்டேயின் சோதனையைப் பின்னால் பலமுறை பயன்படுத்தப் போகிறோம்.

இவ்வளவு கடுமையான நிபந்தனையை யார், எதற்காகக் கேட்டார்கள் என்ற கேள்வி நியாயமானது. 1930-இல் ஷோன்பெர்க் குறிமாற்றங்களைப் பற்றி ஆராய்ந்தார். முற்றுமிகை அணி ஒன்றால் ஓர் எண் வரிசையைப் பெருக்கினால், விளையும் வரிசையில் மிகைக்கும் குறைக்கும் இடையே நிகழும் மாற்றங்கள் மூல வரிசையில் இருந்ததைவிட ஒருபோதும் கூடுவதில்லை. அதே பத்தாண்டில் சோவியத் ஒன்றியத்தில் காண்ட்மாகரும் கிரெய்னும், மணிகள் கோத்து இழுத்துக் கட்டிய கம்பியின் சிறு அதிர்வுகளை ஆராய்ந்தபோது இதே குடும்பத்து அணிகளைச் சந்தித்தனர். சதுர அணி ஒன்றால் பெருக்கும்போது சில திசையன்கள் ஏதோ ஓர் எண்ணின் மடங்காக மட்டுமே மாறும்; அவை அதன் ஐகன் திசையன்கள், அந்த எண்கள் ஐகன் மதிப்புகள். முற்றுமிகைச் சதுர அணியின் ஐகன் மதிப்புகள் அனைத்தும் மெய்யெண்களாகவும் மிகையாகவும் ஒன்றுக்கொன்று வேறுபட்டவையாகவும் இருக்கும்; அவற்றை இறங்கு வரிசையில் வைத்தால், முதலாவதற்குரிய ஐகன் திசையனில் குறிமாற்றமே இராது, இரண்டாவதில் ஒன்று, மூன்றாவதில் இரண்டு என ஒழுங்காகக் கூடிக்கொண்டு போகும். வாத்தியக் கம்பியின் அடிப்படை அதிர்விலும் அதற்கு மேற்பட்ட அதிர்வுகளிலும் கணுக்கள் ஒவ்வொன்றாகக் கூடுவதன் கணித வடிவம் இதுதான். கணினி வரைகலையில் பெசியே வளைகோடுகள், அவற்றைக் கட்டுப்படுத்தும் புள்ளிகள் காட்டும் உருவத்தைவிட அதிகமாக நெளியாமல் இருப்பதற்கும் இத்தகைய அணிகளே காரணம்.

இனி நம் முதன்மையான கேள்விக்கு வருவோம். ஓர் அணியில் சில உறுப்புகள் தெரியும், சில இடங்கள் காலி. காலியிடங்களில் தகுந்த எண்களை இட்டு முழு அணியையும் முற்றுமிகையாக்க முடியுமா? இதுவே அணி நிரப்பும் கணக்கு. நெட்ஃபிளிக்ஸ் நிறுவனம் 2006-இல் அறிவித்த போட்டிக்குப் பிறகு, திரைப்பட மதிப்பீடுகளின் அட்டவணையை நிரப்புவது என்ற பொருளில் இப்பெயர் பரவலாகிவிட்டது. அங்கே அணித்தரம், அதாவது ஒன்றையொன்று சாராத நிரைகளின் எண்ணிக்கை, குறைவாக இருக்க வேண்டும் என்பது நிபந்தனை, இங்கே சிற்றணிக்கோவைகளின் குறியே நிபந்தனை. பெயர் ஒன்றாக இருந்தாலும் இரண்டும் வேறு வேறு கணக்குகள்.

தொடக்கத்திலேயே ஒரு தேவை வெளிப்படை. காலியிடம் எதையும் தொடாத சிற்றணிக்கோவைகளை நம்மால் மாற்ற இயலாது. ஆகவே அவை முன்பே மிகையாக இருந்தாக வேண்டும். கண்ணுக்குத் தெரியும் சிற்றணிக்கோவைகள் யாவும் மிகையாக உள்ள அணியைத் தகுதியுள்ள அணி என்று வைத்துக்கொள்வோம். தகுதியுள்ள ஒவ்வோர் அணியையும் நிரப்பிவிட முடியுமா என்பதே எஞ்சும் கேள்வி. முடியும் என்றுதான் முதலில் தோன்றும்.

மிகச் சிறிய நிலையிலிருந்து தொடங்கலாம். 2×2 அணியில் முதல் நிரை 3, 2 என்றும் இரண்டாம் நிரை 1, ய என்றும் இருந்தால், 3×ய − 2×1 மிகையாக வேண்டும்; ய என்பது 2/3-ஐவிடப் பெரிதாக இருந்தால் போதும், மேல் எல்லை இல்லை. மாறாக முதல் நிரை 3, ய என்றும் இரண்டாம் நிரை 1, 2 என்றும் இருந்தால், 6 − ய மிகையாக வேண்டும். ய சுழியத்துக்கும் 6-க்கும் இடையில் இருக்க வேண்டும். முதன்மை மூலைவிட்டத்தில் உள்ள காலியிடம் எவ்வளவு பெரிய எண்ணையும் ஏற்கிறது, எதிர் மூலைவிட்டத்தில் உள்ள காலியிடம் எண்ணை அடக்கி வைக்கிறது.

இந்த வேறுபாடு எல்லா அளவுகளுக்கும் பொருந்தும் ஒரு விதியின் முதல் தோற்றம். ஓர் அணிக்கோவையை ய இருக்கும் இடத்தைக் கொண்டு விரித்தால், ய-க்குக் கெழுவாக வருவது அதன் இணைக்காரணி. அந்த இணைக்காரணி என்பது ய-இன் நிரையையும் நிரலையும் நீக்கிய பின் எஞ்சும் சிற்றணிக்கோவை. நிரை எண், நிரல் எண் இரண்டின் கூடுதல் இரட்டைப்படையானால் மிகைக் குறியையும் ஒற்றைப்படையானால் குறைக் குறியையும் பெறும். தகுதியுள்ள அணியில் அந்த எஞ்சும் பகுதி எப்போதும் மிகை. ஆகவே கூடுதல் இரட்டைப்படையானால் ய-க்கு ஒரு கீழ் எல்லை கிடைக்கிறது, ஒற்றைப்படையானால் ஒரு மேல் எல்லை கிடைக்கிறது. இங்கே நிரை எண், நிரல் எண் என்று சொல்வது தேர்ந்தெடுத்த சிறிய அணிக்குள் ய எத்தனையாவதாக நிற்கிறது என்பதையே. ஒரே காலியிடம் ஒரு சிற்றணிக்கோவையில் மேல் எல்லையையும் இன்னொன்றில் கீழ் எல்லையையும் தரக்கூடும். எல்லாக் கீழ் எல்லைகளும் எல்லா மேல் எல்லைகளுக்கும் கீழே இருந்தால் அணியை நிரப்பலாம். ஒன்று தாண்டிவிட்டாலும் முடியாது. ஒற்றைக் காலியிடத்துக்கு இதற்கு மேல் கோட்பாடு தேவையில்லை.

இடது மேல் மூலையில் உள்ள காலியிடம் எந்தச் சிற்றணிக்கோவையில் வந்தாலும் முதல் நிரை, முதல் நிரல் என்றே நிற்கும். கூடுதல் எப்போதும் 2. எனவே அது கீழ் எல்லைகளை மட்டுமே சந்திக்கிறது. போதிய அளவு பெரிய எண் ஒன்றை இட்டுவிட்டால் வேலை முடிந்தது. வலது கீழ் மூலையும் அவ்வாறே. சிக்கல் மற்ற இரு மூலைகளில்தான் தொடங்குகிறது.

வலது மேல் மூலை காலியாக உள்ள ஒரு 3×3 அணி இதோ.

3  2  ய
1  2  3
1  3  5

ஃபெக்கெட்டேயின் சோதனைப்படி ய வரும் அடுத்தடுத்த சிற்றணிக்கோவைகளை மட்டும் பார்த்தால் போதும்: ய தனியாக, வலது மேல் 2×2, முழு அணி. முதலாவது ய > 0 என்கிறது. இரண்டாவது 6 − 2ய > 0, அதாவது ய < 3 என்கிறது. மூன்றாவது ய − 1 > 0, அதாவது ய > 1 என்கிறது. 1-க்கும் 3-க்கும் இடைப்பட்ட எந்த எண்ணும் பொருந்தும். 2-ஐ இட்டுப் பார்த்தால் முழு அணிக்கோவை 1, வலது மேல் 2×2 அணிக்கோவை 2. ஷோன்பெர்க் சொன்ன குறிமாற்றப் பண்பையும் இங்கேயே சோதிக்கலாம்: நிரப்பிய அணியால் 1, −1, 1 என்ற நிரலைப் பெருக்கினால் 3, 2, 3 வருகிறது, இருந்த இரண்டு குறிமாற்றங்களும் மறைந்துவிட்டன.

மேல் எல்லை கீழ் எல்லைக்குக் கீழே போய்விடும் ஆபத்து 3×3 அணியில் ஏன் வருவதில்லை என்பதற்கு ஒரு பழைய முற்றொருமை விடை தருகிறது. 3×3 அணிக்கோவையை நடு உறுப்பால் பெருக்கினால் கிடைப்பது, இடது மேல், வலது கீழ் ஆகிய இரு 2×2 அணிக்கோவைகளின் பெருக்கலிலிருந்து வலது மேல், இடது கீழ் ஆகிய இரண்டின் பெருக்கலைக் கழித்து வருவதற்குச் சமம். லூயிஸ் கரோல் என்ற புனைபெயரில் சிறுவர் கதைகள் எழுதிப் புகழ்பெற்ற சார்லஸ் டாட்ஜ்சன், அணிக்கோவைகளைக் கையால் கணக்கிடும் முறை ஒன்றை 1866-இல் இதன்மீதுதான் கட்டினார். நம் அணியில் இடது மேல் 4, வலது கீழ் 1, இடது கீழ் 1. ய-ஐ மேல் எல்லையான 3-க்கே உயர்த்தினால் வலது மேல் 2×2 அணிக்கோவை சுழியமாகிறது; கழிக்க வேண்டிய உறுப்பு மறைந்து, முழு அணிக்கோவை 4×1/2 = 2 என்று மிகையாகவே நிற்கிறது. அதாவது மேல் எல்லையைத் தொடும் இடத்தில் கீழ் எல்லை நிபந்தனை ஏற்கெனவே நிறைவேறிவிடுகிறது. அந்த மேல் எல்லையும் மிகை எண்தான். ஆகவே அதற்கு மயிரிழை கீழே உள்ள எண் எப்போதும் பொருந்தும்.

4×4 அணிக்குப் போனால் நிலைமை மாறுகிறது. பின்வரும் அணியை நிதானமாகப் பார்க்க வேண்டும்.

5  5  2  ய
2  5  5  2
1  4  5  5
1  5  10  25

தெரிந்த உறுப்புகளாலான அடுத்தடுத்த 2×2 அணிக்கோவைகளை மேல் நிரைகளிலிருந்து எழுதினால் 15, 15. பிறகு 3, 5, 15. பிறகு 1, 15, 75. தெரிந்த 3×3 அணிக்கோவைகள் மூன்று: இடது மேல் 6, இடது கீழ் 10, வலது கீழ் 30. எல்லாம் மிகை, அணி தகுதியுள்ளது. முழு அணிக்கோவையைக் கணக்கிட்டால் −46 − 10ய வருகிறது. இது மிகையாக வேண்டுமானால் ய என்பது −4.6-ஐவிடச் சிறிதாக இருக்க வேண்டும். ஆனால் ய தானே ஓர் உறுப்பாகையால் அது மிகையாக இருந்தாக வேண்டும். எந்த எண்ணும் பொருந்தாது. ஒரே ஒரு காலியிடம், சுற்றியுள்ள அனைத்தும் சரி, ஆயினும் நிரப்ப வழியில்லை.

எங்கே பிடி நழுவியது என்று தேடினால், டாட்ஜ்சனின் முற்றொருமை பொய்க்கவில்லை என்பது தெரியும். வலது மேல் 3×3 அணிக்கோவை 41 + 5ய. அது தரும் கீழ் எல்லை −8.2. முழு அணிக்கோவை தரும் மேல் எல்லை −4.6. முற்றொருமை உறுதியளித்தபடியே கீழ் எல்லை மேல் எல்லைக்குக் கீழேதான் இருக்கிறது. வலது மேல் 2×2 அணிக்கோவை தரும் மேல் எல்லை 0.8, அதிலும் முரண் இல்லை. −6 என்று இட்டால் இம்மூன்று நிபந்தனைகளும் நிறைவேறும். எல்லாவற்றிலும் எளியதாகத் தோன்றிய ய > 0 என்ற நிபந்தனையே அந்த இடைவெளி முழுவதையும் வெட்டிவிடுகிறது. 3×3 அணியில் ஒரே மேல் எல்லை, அதுவும் இரு மிகை எண்களின் பெருக்கலை இன்னொரு மிகை எண்ணால் வகுத்து வந்தது. அதனால் அங்கே இந்த வெட்டு நேரவில்லை. 4×4 அளவில் முழு அணிக்கோவை இரண்டாவது மேல் எல்லையைக் கொண்டுவருகிறது. அது மிகையாக இருக்கும் என்பதற்கு யாரும் உறுதி கொடுக்கவில்லை.

அப்படியானால் எந்த இடங்கள் பாதுகாப்பானவை? ஃபாலட், ஜான்சன், ஸ்மித் மூவரும் 2000-ஆம் ஆண்டில் இதற்கு முழு விடை தந்தனர். நிரைகளின் எண்ணிக்கையோ நிரல்களின் எண்ணிக்கையோ 3 அல்லது அதற்குக் குறைவாக இருந்தால், ஒற்றைக் காலியிடம் எங்கே இருந்தாலும் தகுதியுள்ள அணியை நிரப்பலாம். இரண்டும் 4 அல்லது அதற்கு மேல் இருந்தால், காலியிடத்தின் நிரை எண், நிரல் எண் ஆகியவற்றின் கூடுதல் 4-ஐத் தாண்டாமலோ, அணியின் நிரை, நிரல் எண்ணிக்கைகளின் கூடுதலிலிருந்து 2-ஐக் கழித்த எண்ணுக்குக் குறையாமலோ இருக்கும் இடங்களில் மட்டுமே எப்போதும் நிரப்ப முடியும். மற்ற எந்த இடத்துக்கும், நிரப்ப முடியாத தகுதியுள்ள அணி ஒன்றையாவது காட்டலாம். 4×4 அணியில் கூடுதல் 5 ஆகும் இடங்கள், அதாவது எதிர் மூலைவிட்டத்தின் நான்கு இடங்கள், மட்டுமே ஆபத்தானவை. 10×10 அணியிலோ இடது மேல் மூலையை ஒட்டி 6 இடங்கள், வலது கீழ் மூலையை ஒட்டி 6 இடங்கள் ஆகிய 12 மட்டுமே பாதுகாப்பானவை. எஞ்சிய 88-இலும் சிக்கல் எழலாம்.

காலியிடங்கள் பலவானால் அவை அமைந்திருக்கும் கோலமே கேள்வியாகிறது. முதன்மை மூலைவிட்டம் முழுவதும் தெரிந்து, அதன் வழியே தெரிந்த சதுரத் தொகுதிகள் ஒன்றன்பின் ஒன்றாக அடுக்கப்பட்டு, அடுத்தடுத்த தொகுதிகள் சரியாக ஓர் உறுப்பை மட்டும் பகிர்ந்துகொண்டால், முற்றிலும் குறையற்ற அணியாக எப்போதும் நிரப்பலாம் என்று ஜான்சன், குரோஷெல், லண்ட்குவிஸ்ட் 1998-இல் காட்டினர். 3×3 அணியில் இதன் செய்முறை எளிது.

2  1  ய
1  1  1
ர  1  2

இரு 2×2 தொகுதிகள் நடுவில் உள்ள 1-ஐப் பகிர்கின்றன. ய-க்கு அதன் இடப்புற உறுப்பையும் கீழ் உறுப்பையும் பெருக்கி நடு உறுப்பால் வகுத்து 1 என்று இடலாம்; ர-க்கும் அவ்வாறே 1. வலது மேல், இடது கீழ் 2×2 அணிக்கோவைகள் சுழியமாகின்றன, முழு அணிக்கோவை 1. சுழியங்கள் வேண்டாம், முற்றுமிகையே வேண்டும் என்றால் இரண்டையும் 0.9 ஆகக் குறைத்தால் போதும். முழு அணிக்கோவை அப்போது 0.99.

பகிர்வு ஓர் உறுப்போடு நிற்காமல் 2×2 தொகுதியாக விரிந்தால் இந்த உறுதி உடைகிறது. முன்பு கண்ட 4×4 அணியின் கடைசி நிரையை 5-ஆல் வகுத்து, அதன் முதல் உறுப்பையும் காலியாக்கினால் கிடைப்பது இது.

5  5  2  ய
2  5  5  2
1  4  5  5
ர  1  2  5

தெரிந்த இரு 3×3 தொகுதிகளின் அணிக்கோவைகளும் 6. தெரியும் மற்றச் சிற்றணிக்கோவைகளும் மிகையே. முழு அணிக்கோவையோ −1 − ய − 41ர − 5யர. ய, ர இரண்டும் சுழியமாகவோ மிகையாகவோ உள்ளவரை இது குறை எண்ணாகவே இருக்கும். ஆகவே முற்றிலும் குறையற்ற அணியாகக்கூட இதை நிரப்ப முடியாது.

ஐகன் மதிப்புகள் எல்லாம் மிகையாக உள்ள, நேரிய மிகை அணிகள் என்று அறியப்படும் சமச்சீர் அணிகளைப் பற்றி ஏற்கெனவே படித்தவருக்கு இது வியப்பாக இருக்கும். அங்கே தொகுதிகள் எவ்வளவு பகிர்ந்துகொண்டாலும், நிரை எண்களை முனைகளாகவும் தெரிந்த இடங்களை அவற்றை இணைக்கும் கோடுகளாகவும் கொண்ட வரைபடத்தில் நான்கு அல்லது அதற்கு மேற்பட்ட முனைகளைக் கொண்ட ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு குறுக்குக் கோடு இருந்தால் போதும், நிரப்பிவிடலாம். இது குரோன், ஜான்சன், சா, வோல்கோவிச் நால்வரும் 1984-இல் நிறுவியது. வேறுபாட்டுக்குக் காரணம் வரிசை. நேரிய மிகை அணியில் நிரைகளையும் நிரல்களையும் ஒரே விதமாக இடம் மாற்றினால் பண்பு கெடாது. எனவே வரைபடத்தின் முனைகளுக்கு எந்த எண்ணைச் சூட்டினாலும் ஒன்றுதான். முற்றுமிகை அணியில் இரு நிரைகளை இடம் மாற்றினால் 2×2 அணிக்கோவைகளின் குறி உடனே புரண்டுவிடும். அதனால்தான் 1998-ஆம் ஆண்டுத் தேற்றம் வரைபடத்தோடு அதன் முனைகளுக்கு எண்ணிடும் வரிசையையும் சேர்த்தே நிபந்தனையாகக் கேட்கிறது.

கையில் உள்ள குறிப்பிட்ட ஓர் அணியை நிரப்ப முடியுமா என்று மட்டும் பார்க்க விரும்புவோர், காலியிடங்கள் ஒரே நிரையிலோ ஒரே நிரலிலோ அமைந்திருக்கின்றனவா என்று முதலில் கவனிக்கலாம். அவ்வாறு இருந்தால், எந்தச் சிற்றணிக்கோவையை விரித்தாலும் தெரியாத எண்கள் ஒன்றோடொன்று பெருக்கப்பட்டு வரா. எல்லா நிபந்தனைகளும் நேரியல் அசமன்பாடுகளாகவே இருக்கும். நேரியல் திட்டமிடலுக்கான வழக்கமான கணினி நிரல் அத்தொகுதிக்குத் தீர்வு உண்டா இல்லையா என்று சொல்லிவிடும். காலியிடங்கள் வெவ்வேறு நிரைகளிலும் வெவ்வேறு நிரல்களிலும் சிதறியிருந்தால், மேலே 5யர என்று எட்டிப் பார்த்தது போன்ற பெருக்கல் உறுப்புகள் நுழைந்துவிடுகின்றன. அப்போது நேரியல் முறை நேரடியாக உதவாது, பல்லுறுப்புக்கோவை அசமன்பாடுகளையே தீர்க்க வேண்டியிருக்கும்.